முன்கூட்டிச் சொன்ன ஸ்தோத்திரம்

1

எனக்கு அமெரிக்காவில் டாக்டர் பட்டப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது என்று எங்கள் ஊர்க் கோயிலில் அறிவித்தபோது, நான் விண்ணப்பத்தை அனுப்பி ஆறு நாள்தான் ஆகியிருந்தது. ஆறு நாளில் அமெரிக்காவிலிருந்து ஒரு பார்சல்கூட வந்து சேராது. ஆனால் செயலாளர் மைக்கில் கணீரென்று வாசித்தார்: “ராஸ் அல் கைமாவில் நர்ஸாகப் பணியாற்றும் தன் மகள் புஷ்பலீலாவுக்கு அமெரிக்க தேசத்தில் டாக்டர் பட்டம் படிக்க இடம் கிடைத்ததற்காக, தாயார் ஞானம்மாள், ஸ்தோத்திர காணிக்கை.”

நாங்கள் கன்னியாகுமரிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள். தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். வீட்டில் நல்லது எது நடந்தாலும் கர்த்தருக்கு நன்றியாக ஒரு கவருக்குள் காணிக்கையும் காரணம் எழுதிய சீட்டும் வைத்துக் கொடுப்பது வழக்கம், அதுதான் ஸ்தோத்திர காணிக்கை. மகனுக்கு வேலை கிடைத்தது, மருமகளுக்குச் சுகப்பிரசவம், மூட்டு வலி குறைந்தது, தொலைந்த சாவி கிடைத்தது என்று செயலாளர் வரிசையாக வாசிப்பார். பிரசங்கத்தில் தூங்குகிறவர்கள்கூட இதற்கு எழுந்துவிடுவார்கள். சிலர் பெயர் போடாமல் சீட்டு எழுதுவார்கள். “பெயர் சொல்ல விரும்பாத ஒரு சகோதரி” என்று வாசித்தவுடன் சபை முழுவதும் திரும்பிப் பார்த்து, யாரென்று கண்டுபிடித்துவிட்டுத்தான் அடுத்த பாட்டுக்கு எழுந்து நிற்கும்.

கொரோனா காலத்திலிருந்து எங்கள் கோயில் ஆராதனை இணையத்தில் நேரலையாக வருகிறது. அறிவிப்பு நேரத்தில் மட்டும் கேமரா சபையின் பக்கம் திரும்பும். அன்றைக்கு எனக்கு லீவு. காலையில் யூனிபாரத்தை இஸ்திரி போட்டபடி பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரிசையில் மின்விசிறிக்கு நேர் கீழே என் அம்மா. அவள் முகத்தில், கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இடம் பிடித்தவரின் திருப்தி.

இஸ்திரிப் பெட்டியை அணைப்பதற்குள் போன் அடித்தது. எங்கள் ஊரில் பாதி தோஹாவிலும் குவைத்திலும் மஸ்கட்டிலும்தான் இருக்கிறது. அத்தனை பேரும் அந்த நேரலையைத்தான் பார்க்கிறார்கள். “டாக்டரம்மா, எங்களையெல்லாம் மறந்துராதீங்க” என்று தொடங்கி, எனக்குத் தூரத்து உறவில் மச்சான் முறையான குவைத்காரர் தன்னுடைய கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டார்.

குற்றவாளியைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. என் வீட்டுக்காரர் எட்வின், இங்கே ஒரு டைல்ஸ் ஃபேக்டரியில் சூளை டெக்னீஷியன். ஆயிரம் டிகிரிச் சூட்டைப் பதறாமல் பார்க்கிற மனிதர், வாட்ஸ்அப்பைக் கண்டால் நிதானம் இழந்துவிடுவார். நான் நாலாவது பல்கலைக்கழகத்துக்கான விண்ணப்பத்தை அனுப்பும் பட்டனை அமுக்கியதும் திரையில் பச்சையாக ஒரு பெரிய டிக் மார்க்கும், பல்கலைக்கழக முத்திரையும், “கங்கிராஜுலேஷன்ஸ்!” என்ற கொட்டை எழுத்தும் வந்தன. கீழே பொடி எழுத்தில், விண்ணப்பம் வந்து சேர்ந்தது, முடிவு பிறகு தெரிவிக்கப்படும் என்று இருந்தது. பட்டனை அமுக்கியதற்கே வாழ்த்துச் சொல்லும் தேசத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. எட்வின் அதைப் போட்டோ எடுத்து, மேல் பாதியை மட்டும் வெட்டி, குடும்பக் குழுவில் போட்டிருக்கிறார்.

“கீழ உள்ள எழுத்து தெளிவா விழல்ல லீலா. அதான் வெட்டினேன்” என்றார்.

அம்மாவைக் கூப்பிட்டேன்.

“அம்மா, இடம் ஒண்ணும் கெடைக்கல்ல. அப்ளிகேஷன் மட்டும்தான் போட்டிருக்கு.”

அம்மா மின்விசிறியை அணைத்துவிட்டு வந்தாள்.

“கங்கிராஜுலேஷன்னு போட்டிருந்துல்லா?”

“அது அப்ளிகேஷன் அனுப்புனதுக்கு.”

“அதுக்கெல்லாமா சொல்லுவாவ?”

“அவிய சொல்லுவாவ.”

“செரி மக்ளே. சொன்னது சொன்னதுதான். கவரைக் கர்த்தர் வாங்கிட்டாருல்லா? வாங்கிட்டு தராம இருப்பாரா?”

“போதகர்ட்ட சொல்லி அடுத்த வாரம் மாத்திச் சொல்லச் சொல்லுங்கம்மா.”

“என்னன்னு மாத்திச் சொல்ல? ஞானம்மா கோயில்ல நின்னு பொய் சொன்னான்னா? வெளயாடுதியா? நீ ஒழுங்கா அந்த இடத்த வாங்குத வழியப் பாரு.”

போனை வைத்துவிட்டாள். அதுவரை என் அட்மிஷன் எனக்கும் நாலு பல்கலைக்கழகங்களுக்கும் இடையே உள்ள விஷயமாக இருந்தது. இப்போது அதில் அம்மாவின் மானம், கர்த்தரின் மானம், எங்கள் சபையின் நேரலை எல்லாம் வந்து சேர்ந்துகொண்டன.

2

துபாய்க்கு வடக்கே இருக்கும் இந்த ராஸ் அல் கைமாவுக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. அதில் பதினாலு வருஷம் டயாலிசிஸ் யூனிட். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களின் ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும் இடம். மற்ற வார்டுகளில் நோயாளிகள் வருவார்கள், போவார்கள். எங்களிடம் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம் என்று வருஷக்கணக்கில் வருவார்கள். யாருக்கு மருமகளோடு சண்டை, யார் ரகசியமாக ஊறுகாய் சாப்பிட்டார் என்பதெல்லாம் எடை பார்க்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும்.

நாலாம் நம்பர் நாற்காலி காதர் பாய்க்கு. கீழக்கரைக்காரர், மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் பாத்திரக்கடை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் வந்தவர் படுக்க மாட்டேன் என்றார். படுத்தால் மூச்சு முட்டுகிறது. எடையைப் பார்த்தால் வழக்கமான எடைதான். ஆனால் மனிதரின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது, சட்டை தொளதொளத்தது. சதை குறைந்திருக்கிறது, எடை குறையவில்லை. அப்படியென்றால் குறைந்த சதையின் இடத்தில் இருப்பது தண்ணீர். வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீரை எடுக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். ஆனால் எவ்வளவு தண்ணீர் எடுக்க வேண்டும் என்று மெஷினில் போட்டிருக்கும் எண்ணை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. டாக்டர் சொல்ல வேண்டும்.

டாக்டர் ஒஸ்மான் சூடான்காரர், நல்ல மனிதர், அன்றைக்கு வேறு கட்டடத்தில் மீட்டிங்கில் இருந்தார். போன் செய்தேன். “சேம் வெயிட், சிஸ்டர். கன்டின்யூ” என்றார். மறுபடி செய்தேன். மறுபடி அதையே சொன்னார். மூன்று, நாலு, ஐந்து. ஆறாவது தடவை, “சிஸ்டர் லீலா, ஐ அம் இன் மீட்டிங்!” என்று கத்தினார். ஏழாவது தடவை நான் பேசவில்லை. போனைக் காதர் பாயின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன். அவர் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டுவிட்டு டாக்டர் ஓடி வந்தார். எண்ணை மாற்றினார். இரண்டு மணி நேரத்தில் காதர் பாய் படுத்தார், அப்புறம் டீ கேட்டார், அதுவும் அவருக்குக் கூடாது.

எல்லோரும் எனக்கு நன்றி சொன்னார்கள். எனக்கோ ஆத்திரம் அடங்கவில்லை. ஏழு போன். தெரிந்த ஒன்றைச் செய்ய ஏழு போன், நாற்பது நிமிஷம்.

நர்ஸ் பிராக்டிஷனர் என்று ஒரு பதவி இருக்கிறது. நோயாளியைப் பரிசோதித்து, மருந்து எழுதி, முடிவெடுக்கிற உரிமை உள்ள நர்ஸ். அமெரிக்காவில் அதற்கு டாக்டர் பட்டம் வரைக்கும் படிக்கலாம். அங்கே நர்ஸாக வேலை செய்வதற்கான பரீட்சையை நான் முன்பே எழுதிப் பாஸாகியிருந்தேன், விசாக் கோப்பும் வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தது. போகிற இடத்தில் மறுபடியும் போன் செய்கிறவளாகவே இருக்கக்கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் லட்சியம். ஊரில் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. “நர்ஸா டாக்டரா, ஏதாவது ஒண்ணச் சொல்லுட்டீ” என்பாள் அம்மா.

3

அந்தப் பட்டனை அமுக்குவதற்கு முன்னால் பட்ட பாடு தனி. விண்ணப்பத்தில் என்னைப் பற்றி நானே ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. எனக்கு எழுத வராது என்று இல்லை, தினமும் எழுதுகிறேன். ஷிஃப்ட் மாறும்போது அடுத்த நர்ஸிடம் நோயாளியை ஒப்படைக்கக் குறிப்பு எழுதுவோமே, அந்தக் கையால் எழுதினேன். அதன் சாரம் இது: நாற்பத்து நாலு வயதுப் பெண். இந்தியர். திருமணமானவர், ஒரு மகள். மருந்து ஒவ்வாமை எதுவும் இல்லை. பத்தொன்பது வருடப் பணி அனுபவம். தற்போது சீராக உள்ளார். திட்டம்: மேற்படிப்பு.

என் மகள் பெனிட்டாவிடம் காட்டினேன். பதினேழு வயது, இங்கேயே பிறந்தவள், கனவையும் ஆங்கிலத்தில்தான் காண்கிறாள் என்பது என் சந்தேகம். படித்துவிட்டு, “மம்மி, ஈஸ் ஷீ கோயிங் டு டை?” என்றாள்.

சரி, உணர்ச்சி வேண்டும் போலிருக்கிறது என்று இரண்டாவது முறை உட்கார்ந்தேன். கோயிலில் எழுந்து நின்று கர்த்தர் செய்த நன்மைகளைச் சாட்சி சொல்லிப் பழகிய வாய்க்கு உணர்ச்சிக்கா பஞ்சம்? ஒன்றுமில்லாத என்னைக் கர்த்தர் கைதூக்கி எடுத்த விதத்தை இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். பெனிட்டா மஞ்சள் மார்க்கரால் கர்த்தரை எல்லாம் கோடிட்டு எண்ணினாள். பதினாலு இடம். “மம்மி, அவரு அப்ளை பண்ணலே. நீங்கதானே பண்றீங்க?” என்றாள். கர்த்தரை எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தால், மிச்சம் இருந்தது நானும் நாகர்கோவில் போகிற ஒரு பஸ்ஸும்தான்.

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். நான் சமையலறையில் மத்தி மீன் கழுவிக்கொண்டிருக்க, அவள் லேப்டாப்போடு ஸ்டூலில் உட்கார்ந்து கேள்வி கேட்டாள். அவள் ஆங்கிலத்தில் கேட்பாள், நான் தமிழில் சொல்வேன், அவள் டைப் செய்வாள். காதர் பாய் கதையைச் சொன்னேன். ஏழாவது போன் வரும்போது டைப் செய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “நீங்க இதை என்கிட்ட சொன்னதே இல்லே” என்றாள், தமிழில். உண்மைதான். வீட்டுக்கு வந்தால், சாப்பிட்டாயா, ஹோம்வர்க் முடிந்ததா என்று கேட்பேன். அவள் யா, யா என்பாள். ஒன்றரை மணி நேரம் என் மகள் என்னிடம் கேள்வி கேட்டு, பதிலையும் காது கொடுத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. மீன் குழம்பு அன்றைக்குக் கொஞ்சம் உப்புக் கரித்தது, மூன்று பேரும் வழித்துச் சாப்பிட்டோம்.

அடுத்தது சிபாரிசுக் கடிதம். வளைகுடாவில் இதற்கு ஒரு நடைமுறை உண்டு. “நீயே எழுதிக்கொண்டு வா, நான் கையெழுத்துப் போடுகிறேன்” என்பார்கள். டாக்டர் ஒஸ்மானும் அப்படியே சொன்னார். ஆனால் இந்த அமெரிக்கர்கள் அவருடைய மெயிலுக்கே நேராக ஒரு லிங்க் அனுப்பிவிட்டார்கள், அவர் கையாலேயே எழுத வேண்டுமாம். “இன்ஷா அல்லாஹ், சிஸ்டர், டுமாரோ” என்றார். பத்தொன்பது வருஷத்தில் அந்த டுமாரோவின் நீளம் எனக்கு நன்றாகத் தெரியும். மருந்துச் சீட்டில் கையெழுத்து வாங்க எப்படி நிற்பேனோ அப்படி, காலையில் ரவுண்ட்ஸ் முடியும் இடத்தில் டேப்லட்டோடு நின்றேன். முதல் நாள் நின்றேன், இரண்டாம் நாள் நின்றேன். ஐந்தாம் நாள், “யல்லா, சிஸ்டர், கிவ் மீ” என்று அவசரப்படுத்தி வாங்கி, நின்றபடியே நாலு வரி எழுதினார். என்ன எழுதினார் என்று எனக்குக் காட்டவில்லை, விதிமுறையாம்.

இதையெல்லாம் நாலாம் நம்பர் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த காதர் பாய் கூப்பிட்டார்.

“ஏம்மா, அந்தக் கடுதாசிய நான் தந்தா ஆகாதா? வாரத்துக்கு மூணு நாளு, நாளுக்கு நாலு மணி நேரம் உங்களையேதான் பாத்துக்கிட்டு கெடக்கேன். என்னையவிட யாருக்கும்மா தெரியும்?”

படிவத்தில் தேடிப் பார்த்தேன். மேலதிகாரி, பேராசிரியர், சக ஊழியர் என்று மூன்று கட்டம் இருந்தது. நோயாளிக்குக் கட்டம் இல்லை.

4

பிப்ரவரியில் முதல் பதில் வந்தது. “அன்புள்ள தங்கையன்” என்று தொடங்கியது. தங்கையன் என் அப்பா. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயரை எழுதியதன் பலன். அப்பா எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர், போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அன்புள்ள தங்கையனுக்கு அவர்கள் முதலில் நன்றி சொன்னார்கள், பிறகு அவருடைய சாதனைகளைப் பாராட்டினார்கள், பிறகு இந்த ஆண்டு கடும் போட்டி என்று வருத்தப்பட்டார்கள், கடைசிப் பத்தியில் எதிர்காலத்துக்கு வாழ்த்தினார்கள். எந்த வரியில் இல்லை என்று சொன்னார்கள் என்று தேடி மூன்று முறை படித்தேன். வளைகுடாவில் வேலை எளிது. மாஃபி என்றால் இல்லை, முடிந்தது.

இரண்டு வாரத்தில் அடுத்த பல்கலைக்கழகமும் அப்பாவை நிராகரித்தது. மார்ச் நடுவில் மூன்றாவதும். எட்டாம் வகுப்புத் தங்கையன் உயர்கல்விக்கு முயன்று தோற்றதாக அமெரிக்காவில் மூன்று இடங்களில் பதிவாகியிருக்கிறது. உயிரோடு இருந்தால் சிரித்திருப்பார்.

நான் முதல் இரண்டுக்கும் சிரித்தேன். மூன்றாவதைப் படித்தது டியூட்டி இடைவேளையில். போர்வைகளும் விரிப்புகளும் அடுக்கி வைத்திருக்கும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சும்மா கண் கலங்கியதாகச் சொல்ல மாட்டேன், சுத்தமான ஒரு துவாலை நனைகிற அளவுக்கு அழுதேன். எனக்குத் தகுதி இல்லை என்று மூன்று பேர் சேர்ந்து சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. பதினாலு வருஷம் எனக்குத் தெரியும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் வெறும் வாய்ச்சவடால்தானோ என்று பயமாக இருந்தது. வெளியே வந்ததும் காதர் பாய் என் முகத்தைப் பார்த்தார். கையை நீட்டினார். நான் ரத்த அழுத்தம் பார்த்தேன்.

வீட்டில் ஆளுக்கு ஒரு வைத்தியம். எட்வின் ஒவ்வொரு நிராகரிப்புக்கும் ஏதாவது ஒன்றை ரிப்பேர் செய்தார், முதலாவதுக்கு மிக்ஸி, இரண்டாவதுக்கு பாத்ரூம் குழாய். மூன்றாவதுக்கு வீட்டில் பழுதான பொருள் எதுவும் மிச்சம் இல்லாததால் நன்றாக இருந்த ஃபேனைக் கழற்றினார். பெனிட்டா ஒரு அட்டவணை போட்டு, அதில் மூன்று பெயர்களைச் சிவப்பால் அடித்து, நாலாவதை மட்டும் விட்டிருந்தாள். “இட்ஸ் ஜஸ்ட் எ நோ, மம்மி” என்றாள். அவளுக்கு எல்லாம் ஜஸ்ட்தான்.

இதற்கிடையில் ஊர் என்னைச் சும்மா விடவில்லை. குவைத் மச்சான், “க்ளாஸ் தொடங்கியாச்சா?” என்று கேட்டார். “இன்னும் இல்ல” என்றேன், அதில் பொய் ஒன்றும் இல்லை. தோஹாவில் இருக்கும் என் சித்தி மகள், “அக்கா, அமெரிக்காவுல குளிரு எப்படி?” என்று கேட்டாள். “கடுமையா இருக்கும்னு சொல்லுதாவ” என்றேன். அதுவும் பொய் இல்லை. வார்த்தைகளை இப்படி எடை போட்டுப் பேசியதில் எனக்கு நாக்கே மெலிந்துவிட்டது.

அம்மா மட்டும் எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு முடிவையும் சொல்வேன். “செரி, அடுத்ததப் பாரு” என்பாள். எவ்வளவு தைரியம் என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நேரலையில் கேமரா திரும்பியபோது மூன்றாவது வரிசையில் மின்விசிறிக்குக் கீழே வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த வாரமும் அம்மா அங்கே இல்லை.

“எங்க இருந்தீங்க? கோயிலுக்குப் போகல்லியா?”

“போனேன் போனேன். பின்னால இருந்தேன். அந்த ஃபேன் காத்து இப்ப ஒத்துக்கிட மாட்டேங்கு.”

நாற்பது வருஷமாக ஒத்துக்கொண்ட காற்று. கேமராவுக்கு எட்டாத இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள் என்று புரிந்தபோது, எனக்கு என் அட்மிஷனைவிட அந்த மூன்றாவது வரிசை பெரிய கவலையாகிவிட்டது.

5

நாலாவது பல்கலைக்கழகம் நேர்காணலுக்கு அழைத்தது. வீடியோவில். அன்புள்ள தங்கையன், ஏப்ரல் மாதம் இன்ன தேதி, இங்குள்ள நேரப்படி மாலை ஐந்து மணி.

எட்வின் ஹாலில் இருந்த எல்லாவற்றையும் நகர்த்தினார். சுவரில் இருந்த பைபிள் வசனக் காலண்டரை எடுக்கலாமா வேண்டாமா என்று அப்பாவும் மகளும் வாக்குவாதம் செய்து, பாதி தெரிகிற மாதிரி மாட்டினார்கள். நான் மேலே கோட்டும் கீழே வீட்டுப் பாவாடையுமாக உட்கார்ந்தேன். பெனிட்டா கேமராவுக்குப் பின்னால் நின்று, ‘ஸ்மைல்’ என்று எழுதிய காகிதத்தைத் தூக்கிப் பிடித்தாள்.

திரையில் மூன்று பேராசிரியர்கள். இரண்டு பெண்கள், ஒரு ஆண். நடுவில் இருந்த அம்மாள், மருத்துவரோடு நீங்கள் கருத்து வேறுபட்ட ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள் என்றார். பெனிட்டா எனக்குச் சொல்லித் தந்திருந்த அழகான பதில் அத்தனையும் மறந்துபோயிற்று. ஷிஃப்ட் ஒப்படைக்கிறவளாக ஆகிவிட்டேன். வயது, நோய், எடை, மூச்சு, ஒட்டிய கன்னம், தொளதொளத்த சட்டை, முதல் போன், இரண்டாவது போன். ஏழாவது போன் வந்து, தண்ணீரை எடுத்து, அவர் படுத்த இடத்தில், “பேஷன்ட் லே டவுன். கலாஸ்” என்று முடித்தேன்.

மூன்று பேரும் முழித்தார்கள். கலாஸ் என்பது அரபிச் சொல், முடிந்தது என்று அர்த்தம் என்று விளக்க வேண்டியதாயிற்று. பத்தொன்பது வருஷத்தில் அது எனக்குத் தாய்மொழியாகிவிட்டிருந்தது. காகிதத்தைப் பிடித்திருந்த பெனிட்டா அதாலேயே முகத்தை மூடிக்கொண்டாள்.

அந்த ஆண் பேராசிரியர் ஒரு கேள்வி கேட்டார். அன்றைக்கு உங்களுக்கு அதிகாரம் இருந்திருந்தால் என்ன வித்தியாசமாகச் செய்திருப்பீர்கள்?

“வித்தியாசமா ஒண்ணும் இல்ல சார். அதையேதான் செய்திருப்பேன்” என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். “நாற்பது நிமிஷம் முன்னாடி.”

அவர் எதையோ எழுதிக்கொண்டார். நடுவில் இருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. அழைப்பு முடிந்ததும் எட்வின் உள்ளே போய், கழற்றி வைத்திருந்த ஃபேனைத் திரும்ப மாட்டினார்.

6

மே மாதக் கடைசியில், வெயில் காரின் கதவுப் பிடியைத் தொட விடாத ஒரு மத்தியானம், டியூட்டி முடிந்து பார்க்கிங்கில் நிற்கும்போது மெயில் வந்தது. திறந்ததும் திரையில் கலர் கலராகக் காகிதத் துண்டுகள் பறந்தன. அதைப் பார்த்து நான் ஏமாறவில்லை, இவர்கள் பட்டனை அமுக்கினாலே வாழ்த்துகிறவர்கள். நேராகக் கீழே போய்ப் பொடி எழுத்தைத் தேடினேன். பொடி எழுத்து இல்லை. அன்புள்ள தங்கையன், உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்று எல்லாமே ஒரே அளவில் இருந்தது. அந்த வெயிலில் நின்றபடி, “அப்பா, பாஸாயிட்டியேப்பா” என்று சத்தமாகச் சொன்னேன். பக்கத்துக் கார்க்காரர் ஜன்னலை ஏற்றிக்கொண்டார்.

எட்வினுக்கு அனுப்பினேன். மூன்று நிமிஷத்தில் அவரிடமிருந்து பதில்: “முழுசாப் படிச்சியா? கீழ வரைக்கும்?” பெனிட்டா அட்டவணையில் நாலாவது பெயரைப் பச்சையாக்கிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். அவ்வளவு நேரம் அவள் கட்டிப்பிடித்து வருஷக்கணக்காகிறது. “ஐ டைப்ட் இட்” என்று அவள் பள்ளித் தோழிகள் எல்லோருக்கும் செய்தி அனுப்பினாள்.

மற்றபடி இந்த உலகத்தில் யாருக்கும் இது செய்தியாக இல்லை. தோஹா தங்கையிடம் சொன்னேன். “அது போன டிசம்பர்லயே கெடச்சிட்டுல்லா அக்கா?” என்றாள். மஸ்கட்காரர்கள், “முதல் வருஷம் முடிஞ்சாச்சா?” என்றார்கள். குவைத் மச்சான் இன்னும் ஒரு படி மேலே போய், கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டுக்கு நான் பதிலே சொல்லவில்லை, டாக்டர் ஆனதும் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டர் ஒஸ்மான் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “இனி நர்ஸுகள் உனக்கு போன் செய்வார்கள். உன்னை மாதிரி ஏழு தடவை செய்கிற ஒருத்தி உனக்குக் கிடைக்கட்டும்” என்றார். வாழ்த்தா சாபமா என்று கேட்டேன். இரண்டும் என்றார்.

காதர் பாய்க்கு விஷயத்தைச் சொன்னபோது, “அல்ஹம்துலில்லாஹ்” என்று மலர்ந்தார். அப்புறம் தன் கையில் செருகியிருந்த ஊசியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நாளைக்கு இத யாரும்மா குத்துவா? புதுசா வர்ற புள்ளை ரெண்டு தரம் குத்துது” என்றார்.  பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக மெஷினில் பார்க்க ஒன்றுமே இல்லாதபோது மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் புதுப் பெண்ணுக்கு அவருடைய கையைப் பழக்கிவிட்டுத்தான் கிளம்புவது என்று முடிவு செய்து, மறுநாளே அவளைக் கூட்டி வந்து நாலாம் நம்பர் பக்கத்தில் நிறுத்தினேன்.

அம்மாவைத்தான் முதலில் கூப்பிட்டிருந்தேன் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். அவள், “கெடச்சிட்டா?” என்று மட்டும் கேட்டாள். “கெடச்சிட்டும்மா, நெசமாவே” என்றேன். “நான் அன்னைக்கே சொல்லியாச்சே” என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு, உடனே போனை வைத்துவிட்டாள். நான் மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துதான் எடுத்தாள், ஜலதோஷம் பிடித்த குரலில், மழைக்காலமாம்.

“இன்னொரு கவரு போடணுமாம்மா?”

“எதுக்கு? ஒரே விஷயத்துக்கு ரெண்டு தடவ நன்றி சொன்னா ஊருல என்ன நெனப்பாவ?”

அதுவும் சரிதான். அப்புறம் விட்டுவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நேரலையை வைத்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். அறிவிப்பு நேரம் வந்தது, கேமரா திரும்பியது. மூன்றாவது வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே, புதுச் சேலையில் அம்மா. அந்தக் காற்று அவளுக்குத் திரும்பவும் ஒத்துக்கொண்டுவிட்டது. எட்வின் சத்தத்தைக் கூட்டினார்.

செயலாளர் வழக்கம்போல வாசித்துக்கொண்டே போனார். பேரனுக்குப் பல் முளைத்தது, கிணற்றில் தண்ணீர் ஊறியது, கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்த சீட்டை எடுத்துத் தனக்குள் ஒரு தடவை படித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி படித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “தான் அறியாமல் கோயிலில் சொன்ன ஒரு பொய்யைக் கர்த்தர் மெய்யாக்கித் தந்ததற்காக, பெயர் சொல்ல விரும்பாத ஒரு தாயார், ஸ்தோத்திர காணிக்கை” என்றார்.

சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. மூன்றாவது வரிசையில் அம்மாவும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, யாராக இருக்கும் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள்.